வார இறுதியில் மட்டும் வீட்டுக்கு வந்த அப்பா: கஷ்டகாலக் குடும்பத் தொடர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தத் தொடர்களைப் பற்றி இங்கே பேசுகிறோம்?

கையில் காசு புழங்காத ஒரு காலத்தை, அது கடந்து ஒன்றிரண்டு தலைமுறை ஆன பிறகு, ஒரு குடும்பத்தின் கதையாகத் திரும்பிப் பார்க்கும் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி. நடப்புக் காலத்து வறுமையைக் காட்டும் தொடர்கள் இதில் சேரா. பார்ப்பவருக்கு அந்தக் கஷ்டம் முடிந்துவிட்டது என்பது முன்கூட்டியே தெரியும், கதைமாந்தருக்குத் தெரியாது. இந்த வகையின் சுவையும் சிக்கலும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. அமெரிக்காவின் 'த வால்டன்ஸ்' இதற்கு முன்மாதிரி என்பதால் பெரும்பாலான பதில்கள் அதைச் சுற்றியே அமைகின்றன. ஜப்பானின் 'ஓஷின்' தொடரும் வேறு சிலவும் ஒப்பிடுவதற்காக வருகின்றன.

'த வால்டன்ஸ்' தொடரைப் பார்த்திராதவருக்கு அதன் கதை என்ன?

வர்ஜீனியா மாநிலத்தின் புளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில், வால்டன் மலை என்ற கற்பனை ஊரில், ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை வாழ்கிறது: செப் தாத்தா, எஸ்தர் பாட்டி, மர அறுவை மில் நடத்தும் ஜான் வால்டன், அவர் மனைவி ஒலிவியா, ஏழு பிள்ளைகள். மூத்தவன் ஜான்-பாய்க்கு எழுத்தாளனாக வேண்டும் என்று ஆசை. கதை 1933இல் தொடங்கி, பெருமந்தம் எனப்படும் 1930களின் பொருளாதார மந்தகாலத்தையும் இரண்டாம் உலகப் போரையும் கடந்து 1946 வரை செல்கிறது. சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1972 செப்டம்பர் 14 அன்று தொடங்கிய இத்தொடர் ஒன்பது பருவங்கள் ஓடி 1981 ஜூனில் நிறைவடைந்தது.

அம்மாவாக நடித்த மைக்கேல் லேர்ன்ட் ஒரு பெண்மணி. பெயரைப் பார்த்துக் குழம்புவார்கள் என்பதற்காகத் தொடக்கப் பருவங்களின் பெயர்ப் பட்டியலில் 'மிஸ் மைக்கேல் லேர்ன்ட்' என்றே போட்டார்கள். அந்த வேடத்துக்காக அவர் மூன்று எம்மி விருதுகள் பெற்றார்.

இது எழுதியவரின் சொந்தக் கதைதானா?

பெருமளவு ஆம், ஆனால் ஒரு முக்கியமான மாற்றத்துடன். தொடரை உருவாக்கிய ஏர்ல் ஹாம்னர் 1923இல் வர்ஜீனியாவின் நெல்சன் கவுண்டியில் உள்ள ஸ்கைலர் என்ற சிற்றூரில் எட்டுப் பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். ஸ்கைலர் மாக்கல் வெட்டும் ஊர். நம் வீடுகளில் கல்சட்டியாக அடுப்பேறும் அதே கல்தான். அங்கே வெட்டும் பட்டறையும் அறுக்கும் பட்டறையும்தான் ஊருக்கே சோறு போட்டன. பெருமந்தம் வந்து கட்டடங்கள் எழும்புவது நின்றபோது கல் வாங்குவார் இல்லை, பட்டறை ஓயவே ஹாம்னரின் தந்தைக்கு வேலை போயிற்று.

அவருக்கு அடுத்த வேலை கிடைத்தது சுமார் 40 மைல் தொலைவில் இருந்த வேன்ஸ்பரோ என்ற ஊரில். இன்றைக்குக் காரில் ஒரு மணி நேரப் பயணம். அன்று அது தினமும் போய் வரக்கூடிய தூரமாக இல்லை. ஆகவே வாரம் முழுவதும் அங்கேயே ஒரு விடுதியில் தங்கி, வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பேருந்து ஏறி, பேருந்து இறக்கிவிடும் நெடுஞ்சாலை முனையிலிருந்து சில மைல் தூரத்தை நடந்தோ, யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டாலோ, இருட்டில் வீடு வந்து சேர்வார். 1933இல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவன்று அவர் நெடுநேரமாகியும் வந்து சேரவில்லை. அந்த இரவின் காத்திருப்பைத்தான் ஹாம்னர் 1970இல் 'த ஹோம்கமிங்' என்ற சிறு நாவலாக எழுதினார். அது 1971 டிசம்பர் 19 அன்று தொலைக்காட்சிப் படமாக வந்தது. அதற்குக் கிடைத்த வரவேற்பில் பிறந்ததுதான் தொடர்.

அந்தப் படத்தில் அப்பா பெரும்பகுதி நேரம் திரையிலேயே இல்லை. பேருந்து ஒன்று கவிழ்ந்த செய்தி வானொலியில் வருகிறது. அம்மா மூத்த மகனை அப்பாவைத் தேட அனுப்புகிறாள். கடைசியில் அவர் வந்து சேர்ந்ததும், யாருக்கும் தெரியாமல் அறைக் கதவைத் தாழிட்டு எழுதிக்கொண்டிருந்த அந்த மகனின் கையில் ஒரு கட்டு எழுதுதாள்களைக் கொடுக்கிறார். மகனின் ரகசியம் அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்பதை யாரும் விளக்குவதில்லை.

தொடரில் செய்யப்பட்ட மாற்றம் என்ன?

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தொடரின் ஜான் வால்டன் வாராவாரம் ஊரைவிட்டுப் போகும் தொழிலாளி அல்லர். வீட்டை ஒட்டியே சொந்த மில் வைத்திருப்பவர். காலையில் சாப்பாட்டு மேசையில் இருப்பார், பிள்ளை கூப்பிட்ட குரலுக்கு மில்லிலிருந்து வருவார், இரவு விளக்கணைக்கும்போது குரல் கொடுப்பார். வாரந்தோறும் ஒளிபரப்பாகும் தொடரில் குடும்பத் தலைவர் ஐந்து நாள் காணாமல் போனால் கதை நடத்த முடியாது என்பது நடைமுறை நியாயம்தான். ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் மந்தகாலத்தின் பொருளே மாறிப்போயிற்று என்பது என் கருத்து. உண்மை வாழ்வில் வறுமை ஹாம்னர் குடும்பத்தைப் பிரித்தது. தொடரில் அதே வறுமை வால்டன் குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறது.

பெருமந்தம் உண்மையில் குடும்பங்களைப் பிரித்ததா?

பிரித்தது. 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்ததிலிருந்து 1933 வரை அமெரிக்காவில் சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டன. 1933இல் உழைக்கக் கூடியவர்களில் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. வேலை தேடிப் போன கணவன்மார் பலர் திரும்பவில்லை. விவாகரத்துகள் குறைந்ததற்குக் கூடக் காரணம், அதற்கு ஆகும் செலவைத் தாங்க முடியாமல் சொல்லாமல் கொள்ளாமல் போனவர்கள் அதிகமானதுதான். வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று கிளம்பிச் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த பதின்பருவத்தினர் மட்டும் சுமார் 2,50,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது.

அரசு செய்த உதவியும் இதே வடிவில்தான் இருந்தது. ரூஸ்வெல்ட் ஆட்சிக்கு வந்த 1933இலேயே தொடங்கப்பட்ட காடு வளர்ப்புப் பணிப்படை, வேலையற்ற இளைஞர்களை முகாம்களுக்கு அழைத்துச் சென்று மரம் நடவும் மலைப்பாதை போடவும் வைத்தது. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். பையன் கையில் மிஞ்சுவது 5 டாலர். வீடு பிழைத்தது, பிள்ளை வீட்டில் இல்லை.

வால்டன்கள் உண்மையிலேயே ஏழைகளா?

இந்தக் கேள்வி தொடர் ஒளிபரப்பான நாளிலிருந்தே கேட்கப்படுகிறது. சொந்த வீடு இருக்கிறது, அதற்கு வாடகை இல்லை. மலைநிலம் பரம்பரைச் சொத்து, மரம் அதிலேயே வளர்கிறது, அறுக்க மில் இருக்கிறது. பால் தர மாடும் காய்கறித் தோட்டமும் உண்டு. அவர்களிடம் இல்லாதது ரொக்கம் மட்டுமே. பக்கத்து மாநிலங்களில் பிறர் நிலத்தில் வாரத்துக்கு உழுது, விளைச்சலில் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியையும் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் தொலைத்த குத்தகை விவசாயிகளோடு ஒப்பிட்டால் வால்டன்கள் வசதியானவர்கள் என்றே சொல்லலாம்.

ஆனாலும் ரொக்கம் இல்லாமை எப்படி ஒரு வீட்டை நெருக்கும் என்பதைத் தொடர் நுணுக்கமாகவே காட்டியது. ஐக் காட்ஸி என்பவரின் பலசரக்குக் கடையில் கடன் சொல்லும்போது தணிகிற குரல், கல்லூரிக்குப் போக ஜான்-பாய்க்கு உதவித்தொகை கிடைக்குமா என்ற மாதக்கணக்கான தவிப்பு, அண்ணனின் உடுப்பு தம்பிக்கு வந்து சேரும் வரிசை ஆகியவற்றை எழுதியவர் அவற்றை உடுத்தி வளர்ந்தவர். பணம் இல்லாத வீட்டில் பணத்தைப் பற்றிய பேச்சு சத்தமாக நடக்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அரசியலையும் வரலாற்றையும் தொடர் தவிர்த்துவிட்டதா?

முழுக்கத் தவிர்க்கவில்லை. 1930களின் நடுவில் புளூ ரிட்ஜ் மலைமுகட்டில் ஷெனன்டோவா தேசியப் பூங்காவும், அதைத் தொடர்ந்து செல்லும் இயற்கைக்காட்சிச் சாலையும் அமைக்கப்பட்டன. மந்தகாலத்தில் வேலை கொடுத்த பெருமைக்குரிய திட்டங்கள் இவை. அதே திட்டங்களுக்காகத் தலைமுறைகளாக அங்கே குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்; பூங்காவுக்காக மட்டும் சுமார் 500 குடும்பங்கள். 1974இல் வந்த 'த கான்ஃப்ளிக்ட்' என்ற இரண்டு மணி நேரப் பகுதி இதைத்தான் எடுத்துக்கொண்டது. சாலைக்காக வீட்டைக் காலி செய்ய மறுக்கும் மார்த்தா கொரின் என்ற முதியவளாக வந்தவர், அப்போது எண்பதைக் கடந்திருந்த பியூலா போண்டி. அதே வேடத்தில் பின்னர் ஒருமுறை வந்து அவர் 1977இல் எம்மி விருதும் பெற்றார்.

ஜெர்மனியில் நாஜிகள் எழுந்து வந்ததைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. ஊர்க்காரர்கள் ஆத்திரத்தில் ஜெர்மன் நூல்களைக் குவித்து எரிக்கக் கிளம்புகிறார்கள். ஜான்-பாய் அந்தக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து, ஜெர்மன் தெரிந்த ஒரு பெண்மணியிடம் உரக்கப் படிக்கச் சொல்கிறான். அது பைபிள். பார்வையாளரை ஒரே அடியில் நிமிர வைக்க எழுதப்பட்ட காட்சி என்பது தெரிந்தாலும் அது நம்மை அசைக்கத் தவறுவதில்லை.

நிற ஒதுக்கலைத் தொடர் எப்படிக் கையாண்டது?

மென்மையாக, அளவுக்கு மீறிய மென்மையாக என்பதே நியாயமான விமர்சனம். 1930களின் வர்ஜீனியாவில் பள்ளி, பேருந்து, உணவகம் எல்லாம் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி. வாக்களிக்கத் தலைவரி கட்ட வேண்டும். இரு இனத்தவர் மணம் செய்வது சட்டப்படி குற்றம். தொடரில் இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் பின்னணியில் கூடத் தெரிவதில்லை. அண்டை வீட்டுக் கறுப்பினப் பெண்மணியான வெர்டி, வால்டன்களோடு சமமாகப் பழகுகிறாள்.

அந்த வெர்டியை மையமாக வைத்து 1973இல் வந்த 'த ஸ்காலர்' என்ற பகுதி தனித்துப் பேசத்தக்கது. மகள் கல்லூரிப் பட்டம் பெறப்போகிறாள். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஜான்-பாயிடம் மட்டும் ரகசியமாக எழுத்துக் கற்றுக்கொள்கிறாள். லின் ஹாமில்டன் என்ற நடிகை, எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணில் ஓடும் அச்சத்தையும் கௌரவத்தையும் ஒருசேரக் காட்டினார். கதையை எழுதிய ஜான் மெக்ரீவிக்கு எம்மி கிடைத்தது. வெர்டிக்கு ஏன் எழுத்தறிவு கிடைக்கவில்லை என்ற கேள்வியை மட்டும் தொடர் அழுத்திக் கேட்கவில்லை.

இப்படியொரு தொடர் 1972இல் வெற்றி பெறும் என்று எதிர்பார்த்தார்களா?

இல்லை. சி.பி.எஸ். அதற்கு முந்தைய ஆண்டுதான் கிராமத்துக் கதைகளையெல்லாம் ஒட்டுமொத்தமாக நிறுத்தியிருந்தது. நகரத்து இளைஞர்களே விளம்பரதாரர்களுக்கு வேண்டியவர்கள் என்பது அப்போதைய கணக்கு. அந்த நிலையில் மலையடிவாரக் குடும்பத்தின் கதையை வியாழன் இரவு எட்டு மணிக்குப் போட்டார்கள். எதிரே என்.பி.சி.யில் நாட்டிலேயே முன்வரிசையில் இருந்த ஃப்ளிப் வில்சனின் நகைச்சுவை நிகழ்ச்சி, ஏ.பி.சி.யில் 'த மாட் ஸ்குவாட்' என்ற துப்பறியும் தொடர். பலிகொடுக்கப்பட்ட நேரம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஈராண்டுக்குள் எதிரே இருந்த இரண்டும் நின்றுபோயின. 1973-74 பருவத்தில் 'த வால்டன்ஸ்' நாட்டிலேயே அதிகம் பார்க்கப்பட்ட தொடர்களில் இரண்டாம் இடத்தில் இருந்தது.

வெளியே நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வியட்நாம் போர் முடியவில்லை, வாட்டர்கேட் ஊழல் நாள்தோறும் வெளிவந்துகொண்டிருந்தது, 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது, விலைவாசி ஏறியபடியே வேலைகளும் போயின. புதிய கஷ்டத்தில் இருந்தவர்கள், தாங்கள் ஏற்கெனவே தாண்டி வந்த பழைய கஷ்டம் ஒன்றைப் பார்க்க உட்கார்ந்தார்கள். மந்தகாலத்தில் சிறுவர்களாக இருந்தவர்களுக்கு 1972இல் ஐம்பது வயது. வரவேற்பறைத் தொலைக்காட்சி அவர்கள் கையில் இருந்தது.

விளக்கணைத்த பிறகு வரும் 'குட்நைட்' காட்சிக்கு ஏன் இவ்வளவு புகழ்?

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் இரவில் வீடு வெளியிலிருந்து தெரியும். யாரும் கண்ணில் படமாட்டார்கள். ஒரு ஜன்னலில் மட்டும் விளக்கெரியும். உள்ளிருந்து குரல்கள் ஒன்றையொன்று கூப்பிடும்: அன்றைய சண்டையின் மிச்சம் ஒன்று, தங்கையின் சந்தேகம் ஒன்று, அதற்கு அப்பாவின் அரைத்தூக்கப் பதில். பிறகு 'குட்நைட் ஜான்-பாய்' என்று யாராவது சொல்ல, கடைசி விளக்கும் அணையும். முகமே காட்டாமல் வீடு நிறைந்திருப்பதைக் காதால் உணர வைத்த உத்தி இது. அந்தக் காலத்து மரவீடுகளில் அறைக்கு அறை குரல் கேட்கும் அளவுக்குத்தான் சுவர் இருந்தது என்பதால் அது இயல்பாகவும் இருந்தது.

காட்சிக்கு முன்னும் பின்னும் வரும் கதைசொல்லியின் குரல் ஹாம்னருடையதே. வர்ஜீனியா மலைப்புறத்து இழுவை மாறாத அந்தக் குரல், முதிர்ந்த ஜான்-பாய் திரும்பிப் பார்த்துச் சொல்வதாக அமைந்தது. வார நாட்களில் அப்பா இல்லாத வீட்டில் வளர்ந்த ஒருவர், நூற்றுக்கணக்கான இரவுகளில் அப்பாவின் 'குட்நைட்' கேட்கும்படி எழுதினார் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தால் அது சற்று வேறுவிதமாகக் கேட்கும்.

தாத்தா, பாட்டி வேடங்கள் இன்னும் பேசப்படுவது ஏன்?

நடிகர்களின் வாழ்வும் கதையும் ஒன்றோடொன்று கலந்துவிட்டதால். தாத்தாவாக வந்த வில் கியர் இடதுசாரிச் சாய்வுள்ளவர். 1950களில் கம்யூனிஸ்ட் வேட்டையின்போது ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் வேலையின்றி இருந்தவர். பழைமைவாதக் குடும்பங்கள் தங்கள் ஆதர்சத் தாத்தாவாகக் கொண்டாடிய மனிதர் அவர் என்பது ஒரு சுவையான முரண்.

பாட்டியாக வந்த எலன் கார்பிக்கு 1976 நவம்பரில் பக்கவாதம் ஏற்பட்டது. பேச்சு பெரிதும் போய்விட்டது. வேறொருவரைப் போடாமல் காத்திருந்தார்கள். 1978 மார்ச்சில் 'பாட்டி வீட்டுக்கு வருகிறாள்' என்ற பொருள்படும் பகுதியில், ஓரிரு சொற்களை மட்டும் முயன்று உச்சரிக்கும் நிலையிலேயே அவர் திரும்பி வந்தார். அந்தக் கதையில் எல்லாரும் பாட்டியை ஒரு வேலையும் தொடவிடாமல் தாங்குகிறார்கள். தான் யாருக்கும் வேண்டாதவளாகிவிட்டதாக அவள் குமைகிறாள். நடிப்பு எது, உண்மை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த மாதமே வில் கியர் காலமானார். அடுத்த பருவத்தில் செப் தாத்தாவும் இறந்துவிட்டதாகவே கதையில் வைத்தார்கள்.

ஜான்-பாயாக நடித்த ரிச்சர்ட் தாமஸ் 1977இல் விலகியதையும், பின்னர் அந்த வேடத்துக்கு வேறொருவர் வந்ததையும் ரசிகர்கள் இன்றும் மன்னிக்கவில்லை. கடைசிப் பருவங்களை நானும் கடமைக்காகத்தான் பார்த்தேன்.

அமெரிக்க அதிபர் ஒருவர் இத்தொடரைக் குறிப்பிட்டுப் பேசியதாகச் சொல்வது உண்மையா?

உண்மை. 1992 ஜனவரியில் மத ஒலிபரப்பாளர்களின் கூட்டத்தில் பேசிய ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் வால்டன்களைப் போல் அதிகமாகவும் சிம்ப்சன்களைப் போல் குறைவாகவும் ஆக வேண்டும் என்றார். மூன்றே நாளில் 'த சிம்ப்சன்ஸ்' கேலிச்சித்திரத் தொடரில் பதில் வந்தது. புஷ்ஷின் பேச்சைத் தொலைக்காட்சியில் பார்க்கும் சிறுவன் பார்ட், தாங்களும் வால்டன்களைப் போலத்தான் என்றும், மந்தம் தீர வேண்டும் என்று தாங்களும் பிரார்த்திப்பதாகவும் சொல்கிறான். நாடு அப்போது பொருளாதாரச் சரிவிலிருந்து மீளாமல் திணறிக்கொண்டிருந்தது. வால்டன்களின் ஒற்றுமையை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்களுடைய கடன் கணக்கை மறந்துவிட்ட அதிபருக்கு ஒரு கேலிச்சித்திரப் பையன் அதை நினைவூட்டினான். அந்த நவம்பரில் புஷ் தேர்தலில் தோற்றார்.

'லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரெய்ரி' இதே வகையா?

நெருங்கிய உறவு. லாரா இங்கல்ஸ் வைல்டர் தம் 1870களின் குழந்தைப் பருவத்தைப் பற்றிய நூல்வரிசையைப் பெருமந்தத்தின் நடுவே, 1932 முதல் வெளியிட்டார். என்.பி.சி. அதை 1974இல் தொடராக்கியது. அதாவது ஒரு கஷ்டகாலத்தில் எழுதப்பட்டது இன்னொரு கஷ்டகாலத்தைப் பற்றி; திரைக்கு வந்ததோ மூன்றாவது கஷ்டகாலத்தில். இங்கும் அதே அப்பாதான் வருகிறார்: வெட்டுக்கிளிகள் பயிரை அழித்தபின் கூலி அறுவடை தேடி நூற்றுக்கணக்கான மைல் கால்நடையாகக் கிழக்கே போன தந்தையை லாரா எழுதியிருக்கிறார். தொடரிலும் முதல் பருவத்திலேயே, ஆலங்கட்டி மழையில் பயிர் போய் அப்பா வேலை தேடி நடக்கும் பகுதி ஒன்று உண்டு. பிறகு அவர் வீட்டோடு இருந்துவிடுகிறார், ஜான் வால்டனைப் போலவே.

ஜப்பானின் 'ஓஷின்' இவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

'ஓஷின்' பிரிவிலிருந்து தொடங்குகிறது, அதை மறைப்பதும் இல்லை. சுகாகோ ஹாஷிடா எழுதி, ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை காலைதோறும் பதினைந்து நிமிடமாக ஒளிபரப்பிய 297 பகுதிகள். சராசரியாக 52.6 விழுக்காடு, உச்சமாக 62.9 விழுக்காடு பார்வையாளர்கள் என்ற அதன் கணக்கை ஜப்பானில் வேறெந்த நாடகத் தொடரும் எட்டவில்லை.

யமகாதா மாகாணத்தில் குத்தகை விவசாயி ஒருவரின் மகள் ஓஷின். வீட்டில் அரிசியை மிச்சம் பிடிக்க முள்ளங்கியை நறுக்கிப் போட்டு வேகவைத்த சோறு. அம்மா மீண்டும் கருவுற்றபோது, இன்னொரு வாய்க்குச் சோறு இல்லை என்று உறைபனி ஆற்றில் இறங்கி நின்று கருவைக் கலைக்கப் பார்க்கிறாள். ஏழு வயது ஓஷினை ஒரு மூட்டை அரிசிக்காக, ஓராண்டுக்குப் பிள்ளை பார்க்கும் வேலைக்கு ஒரு மர வியாபாரி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மொகாமி ஆற்றில் பனி கொட்ட, மரத்தெப்பத்தில் உட்கார்ந்து அவள் போகும் காட்சியைப் பார்த்த யாரும் மறக்க மாட்டார்கள். கிளம்பும்போது பாட்டி கொடுத்த ஐம்பது சென் (அரை யென்) வெள்ளிக்காசைத் திருடியதாகவே பின்னர் அவள்மீது பழி விழுகிறது. அந்தக் காசைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அவள் பனியில் ஓடிப்போகிறாள்.

இங்கே பாசம் இல்லாமல் இல்லை. அப்பாவைக் கொடுமைக்காரராகக் காட்டி ஹாஷிடா தப்பித்துக்கொள்ளவும் இல்லை. பாசம் இருந்தும் பிள்ளையை அரிசிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் கதை. வால்டன் மலையில் பாசம் கஷ்டத்தை வென்றுவிடும். யமகாதாவில் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

ஹாஷிடாவின் இன்னொரு தேர்ச்சி, கதையை 1983இல் தொடங்கியது. எண்பதைக் கடந்த ஓஷின் இப்போது பல்பொருள் அங்காடிகளின் சொந்தக்காரி. பதினேழாவது கிளை திறக்கும் நாளில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய்விடுகிறாள், தான் எங்கே தவறினோம் என்று தேடி. ஜப்பான் செல்வத்தின் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆண்டில், பழைய வறுமையைக் கொண்டாடாமல் புதிய வசதியைக் கேள்வி கேட்கப் பயன்படுத்தினார். பழங்கால ஏக்கத்தை இப்படியும் கையாளலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இத்தொடர் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒளிபரப்பானது. ஈராக்குடனான போரின் தட்டுப்பாட்டில் இருந்த ஈரானில் அது பெற்ற செல்வாக்கில், ஓஷினின் புகுந்த வீட்டுப் பெயரான தானோகுராவிலிருந்து 'தானாகுரா' என்ற சொல் பிறந்து, பழைய துணி விற்கும் கடைக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

கொரியத் தொடர்களில் இதற்கு இணை உண்டா?

2015-16இல் வந்த 'ரிப்ளை 1988' பலருக்கும் தெரிந்திருக்கும். சியோலின் சாங்முன்-டோங் பகுதியில் ஒரு சந்தில் ஐந்து குடும்பங்கள். நாயகி தோக்-சனின் அப்பா வங்கி ஊழியர். ஒலிம்பிக் நடக்கும் ஆண்டு, நாடு செழித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனில் சம்பளம் கரைய, குடும்பம் பாதி நிலத்துக்குள் புதைந்த கீழ்த்தள வீட்டில் இருக்கிறது. ஜன்னல் வழியே தெருவில் போகிறவர்களின் கால்கள்தான் தெரியும். பெரிய மந்தத்தை விடவும் இந்தத் தனிக்கஷ்டம் நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். ஜாமீன் கையெழுத்தால் நொடித்த வீடு ஒன்றாவது இல்லாத தெரு நம் ஊர்களில் அரிது. மாலையில் வீட்டுக்கு வீடு கிண்ணத்தில் குழம்பு கைமாறும் காட்சிதான் இந்தத் தொடரின் 'குட்நைட்'.

புதிதாகப் பார்ப்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

'த வால்டன்ஸ்' என்றால் தொடரின் முதல் பகுதியிலிருந்து தொடங்காமல், 'த ஹோம்கமிங்' படத்தை முதலில் பார்க்கவும். அம்மா, அப்பா, தாத்தா வேடங்களில் வேறு நடிகர்கள் இருப்பார்கள். பாட்டியும் பிள்ளைகளும் பின்னாளில் தொடரிலும் வந்தவர்களே. அம்மாவாக வரும் பாட்ரீஷியா நீல், தொடரின் ஒலிவியாவைவிடக் கடுமையான பெண்; வறுமை முகத்தில் தெரிகிறது. அதன்பின் முதல் ஐந்து பருவங்களிலிருந்து 'த ஸ்காலர்', 'த கான்ஃப்ளிக்ட்' போன்றவற்றைத் தேர்ந்து பார்த்தால் போதும். பாட்டி திரும்பி வரும் பகுதிக்காக மட்டும் ஆறாம் பருவத்தின் கடைசி வரை செல்லலாம். 'ஓஷின்' முழுவதையும் பார்க்கப் பொழுதில்லாதவர்கள் சிறுமிப் பருவப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதைத் தொடங்கும்போது கிழவி ரயிலேறிப் போகும் முதல் சில பகுதிகளைத் தாண்டிவிட வேண்டாம். பனி ஆற்றில் தெப்பம் வரும்போது அதில் உட்கார்ந்திருப்பது யார் என்று அப்போதுதான் தெரியும்.